எயார் ஃப்ரையர் வாங்க முதல் பிளக்கைப் பாருங்கோ

கிளிநொச்சிப் பக்கம் கறன்ட் சாமான் திருத்துற ஆள் நான். வீட்டிலயும் ரெண்டு வருசமா ஒரு எயார் ஃப்ரையர் அனேகமா ஒவ்வொரு நாளும் ஓடுது. நீங்கள் கேட்டதுகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

மல்லாவியில இருந்து ஒரு அக்கா: வீட்டில அஞ்சு பேர். எத்தினை லீற்றர் வாங்கினால் காணும்?

அஞ்சு பேருக்கு 5, 6 லீற்றருக்குக் குறைய வாங்காதேங்கோ அக்கா. ஆனா லீற்றரை மட்டும் பாத்தும் எடுக்காதேங்கோ, ஏனெண்டால் அது கூடையின்ர ஆழத்தையும் சேத்துச் சொல்லுற கணக்கு, சாப்பாடு பொரியிறது அடித்தட்டில பரவிக் கிடந்தால்தான். உதுக்குள்ள எண்ணெய் இல்லை, மேல ஒரு சுருள் சூடாக ஃபான் அந்தச் சூட்டுக் காத்தைச் சுழட்டி அடிக்குது, அவ்வளவுதான். ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினால் காத்துப் போக வழியில்லாமல் மேல இருக்கிறது கருகி கீழ இருக்கிறது அவிஞ்சு போகும். கடையில கூடையை வெளிய இழுத்து உள்ளங்கையை விரிச்சு வைச்சுப் பாருங்கோ. அதே லீற்றரில வட்டக் கூடையை விட சதுரக் கூடையில ரெண்டு மீன் துண்டு கூடப் போகும்.

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு தம்பி: கனடாவில இருந்து சித்தி ஒண்டு அனுப்புறன் எண்டு சொல்லுறா. இங்க ஓடுமோ?

வேண்டாம் தம்பி, இண்டைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லிவிடுங்கோ. கனடாவில 120 வோல்ட், எங்களுக்கு 230. வோல்ட் ரெண்டு மடங்குக்குக் கிட்டப் போனால் சுருள் இழுக்கிற சூடு நாலு மடங்குக்குக் கிட்டப் போகும், செருகின உடனேயே எரிஞ்சிடும். அடப்டர் பிளக் போட்டால் சரிவரும் எண்டு சில பேர் நினைக்கினம், அது முள்ளின்ர வடிவத்தைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. இறக்கிக் குடுக்க ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கு, ஆனா 1500 வாட்ஸ் சாமானுக்கு அது பெரிய பாரமான ஒண்டு, அந்தக் காசுக்கு இங்கயே புதுசு வாங்கலாம். இப்பிடி ஆசையா அனுப்பின சாமான் எரிஞ்சு என்னட்டை வந்த நேரம் அதைக் கொண்டுவந்த அம்மான்ர முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது, அதுதான் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன்.

லண்டனில இருந்து வந்தால் பிரச்சினை இல்லை, வோல்ட்டும் எங்கட 13 அம்பியர் சதுர முள்ளுப் பிளக்கும் அப்பிடியே பொருந்தும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் எண்டால் வோல்ட் சரி, பிளக் வேற. அடப்டர் போட்டால் கனக்க நேரம் எர்த் விட்டுப் போகும். ஒரு வயர்மனைப் பிடிச்சு பிளக்கையே மாத்துங்கோ.

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அம்மா: எங்கட குசினியில பழைய உருண்டை முள்ளுப் பிளக்தான் இருக்கு பிள்ளை. அதில போடலாமோ?

சின்ன உருண்டை முள்ளு எண்டால் அது 5 அம்பியர் அம்மா. 1500 வாட்ஸ் எயார் ஃப்ரையர் 6.5 அம்பியர் இழுக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் ஓடும், பேந்து பிளக் சூடாகி, பிளாஸ்ரிக் மணம் வந்து, உருகும். எக்ஸ்ரென்ஷன் வயரிலயும் போடாதேங்கோ. குசினிக்கு ஒரு 13 அம்பியர் பிளக் பேஸ், நல்ல மொத்த வயரில, எர்த்தோட தனியா இழுப்பியுங்கோ. அந்தச் செலவையும் எயார் ஃப்ரையர் விலையோட சேத்துத்தான் கணக்குப் பாக்கவேணும்.

வவுனியாவில இருந்து ஒரு தங்கச்சி: கறன்ட் பில் கூடுமோ அண்ணா?

1500 வாட்ஸில 20 நிமிசம் எண்டால் அரை யூனிற். சூடு வந்த உடன சுருள் நிண்டு நிண்டு வேலை செய்யிறபடியால் அதிலயும் கொஞ்சம் குறையும். ஒரு நாளைக்கு ஒருக்கா எண்டு வைச்சால் மாசம் கூடினது 15 யூனிற். இப்ப உங்கட பில்லை எடுத்துப் பாருங்கோ, 50 யூனிற்றில நிக்கிற வீடு எண்டால் யோசிக்கவேணும், ஏனெண்டால் 60 தாண்டினால் முதல் யூனிற்றில இருந்தே கூட்டித்தான் அடிப்பினம். 100 ஓடுற வீட்டுக்கு இது பெரிய வித்தியாசமாத் தெரியாது.

முல்லைத்தீவில இருந்து ஒரு அண்ணை: மீன் பொரியல் தாச்சியில வாற மாதிரி வருமோ? வடை, அப்பளம் எல்லாம்?

அதே மாதிரி வராது அண்ணை, ஆனா நல்லா வரும். மீனைக் கழுவி தண்ணியை வடிவா ஒத்தி எடுங்கோ, ஈரம் நிண்டால் பொரியாது, அவியும். தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப்புளி பிரட்டி வைச்சு, போட முதல் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூசி, 190 டிகிரியில 12 தொடக்கம் 15 நிமிசம், இடையில ஒருக்கா பிரட்டிவிடுங்கோ. சூடை மாதிரிச் சின்ன மீன் 10 நிமிசத்தில மொறுமொறுப்பா வரும். கட்லட், றோல்ஸுக்கு மேல கொஞ்சம் எண்ணெய் தடவினால் நல்ல நிறம் வரும். குழம்புக்குக் கத்தரிக்காய் பொரிக்கத்தான் நான் இதை ஆகலும் விரும்புறன், தாச்சியில கத்தரிக்காய் குடிக்கிற எண்ணெயை நினைச்சுப் பாருங்கோ.

உளுந்து வடைக்குச் சரிவராது, மா ஓட்டையால வடிஞ்சிடும். கடலை வடை வரும், ஆனா கொஞ்சம் வறட்சி. அப்பளத்தை ஃபான் தூக்கிக்கொண்டு போய் சுருளில ஒட்டவைக்கும், மேல ஒரு கம்பித்தட்டு வைச்சால்தான் போடலாம். எங்கட ஊர்க் கச்சான் எண்டால் 160 டிகிரியில 10 நிமிசம், ரெண்டு மூண்டு தரம் குலுக்கி, கொஞ்சம் மெத்தெண்டு இருக்கேக்கையே எடுத்திடுங்கோ, ஆற ஆற முறுகும்.

பரந்தனில இருந்து ஒரு அக்கா: அம்மாவுக்குச் சீனி வருத்தம். இதில செய்தால் பயமில்லாமல் குடுக்கலாமோ?

எண்ணெய் குறையும் அக்கா, அது பெரிய விசயம். ஆனா உருளைக்கிழங்கில, மரவள்ளியில இருக்கிற மா அப்பிடியேதான் இருக்கும், சீனி அதாலதான் ஏறும். மீன், கத்தரிக்காய், பாகற்காய், வெண்டிக்காய் எண்டு செய்து குடுங்கோ. கிழங்கு செய்யிற நாள் வெட்டின உடன அரை மணித்தியாலம் தண்ணியில ஊறவைச்சு, துடைச்சு, பொன்னிறத்தோட நிப்பாட்டுங்கோ. கறுக்க விட்டால் அக்ரிலமைட் எண்ட கூடாத சாமான் கூட உண்டாகும்.

மாங்குளத்தில இருந்து ஒரு தம்பி: டிஜிட்டல் நல்லதோ, திருகுறது நல்லதோ? எந்த பிராண்ட்?

திருகுறது. எங்கட பக்கம் பின்னேரத்தில வோல்ட் விழும், ஐப்பசி கார்த்திகையில இடி மின்னல், டிஜிட்டலுக்குள்ள இருக்கிற சேர்க்கிட் போட் அதுக்குத்தான் முதல் போகும், போனால் போட் எடுக்கிறது கஷ்டம். திருகுறதில டைமர் போனால் நானே மாத்தித் தருவன். வோல்ட் 200க்கு இறங்கினால் சூடு முக்கால்வாசிதான் வரும், அப்ப நிமிசத்தைக் கூட்டுங்கோ, மிசின் பழுது எண்டு நினைக்காதேங்கோ. 2010ல ஃபிலிப்ஸ்தான் முதல் எயார் ஃப்ரையர் எண்ட பேரில கொண்டுவந்தது, இப்ப எல்லாரும் செய்யினம். எனக்குப் பேரை விட முக்கியம், கூடை தனியா வாங்க ஏலுமோ, வொறன்ரிக்கு சாமானைக் கொழும்புக்கு அனுப்பவேணுமோ எண்டதுதான், அதைக் கடையில கேட்டு பில்லில எழுதிவாங்குங்கோ. கூடையைக் கம்பிநூலால மினுக்கவேண்டாம், கோட்டிங் உரியும், சுடுதண்ணியில ஊறவிட்டு மெல்லிய பஞ்சால தேயுங்கோ. பின்பக்கம் சூட்டுக் காத்து வாறபடியால் சுவரில இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. மழை இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழட்டிவிடுங்கோ.