டென்ட் எவ்ளோ சொகுசுன்னு அப்புறம் பாக்கலாம் டீச்சர், முதல்ல காடியில எந்த சீட்டுன்னு கேளுங்க

பாகான் செராய்லேருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. தமிழ்ப்பள்ளியில 30 வருஷத்துக்கு மேல சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவங்க, வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா இருந்தவர், அவருக்கு வயசு 61. சேத்து வச்ச காசுல வர்ற ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் கென்யாவுல மசாய் மாராவுக்குப் போய் காட்டு மிருகங்கள படம் எடுக்கணும்னு ஆசை. ஏஜென்ட் குடுத்த பேப்பர்ல லக்சரி டென்ட் கேம்ப், 8 ராத்திரி, மூணு கேம்ப், கூடவே ஒரு போட்டோகிராபர் கைடு, ஒரு காடிக்கு 6 பேர்னு போட்டிருக்கு. இவ்ளோ காசு குடுக்கலாமா, ராத்திரி டென்ட்ல படுக்க பயமில்லையா, கையில இருக்கிற 55-250 லென்ஸ் போதுமா, எனக்கு முட்டி வலி இருக்கே தாங்குமான்னு நாலு கேள்வி.

டீச்சர், அந்த பேப்பர்ல டென்ட் படம் பெருசா போட்டிருக்கும், கட்டிலு, வெள்ளை கொசுவலை, விளக்கு வெளிச்சத்துல சாப்பாட்டு மேசை எல்லாம் இருக்கும். காடி படம் எங்கயாச்சும் மூலையில சின்னதா இருக்கும், இல்லன்னா இருக்கவே இருக்காது. ஆனா நீங்க முழிச்சிருக்கிற நேரத்துல முக்கால்வாசி அந்த காடியிலதான் உக்காந்திருக்கப் போறீங்க, டென்ட்ல இல்ல. உங்க படம் நல்லா வர்றதும் வராததும், உங்க முட்டி தாங்குறதும் தாங்காததும், எல்லாமே அந்த காடியிலதான் இருக்கு.

நான் முதல் தடவை போனப்போ 6 பேரு ஒரு வேன்ல, மேல்கூரை மட்டும் தூக்குற மாதிரி வேன். காலையில ஒரு அத்திமரத்துக்கு அடியில நிப்பாட்டுனாங்க, மரத்துல ஒரு சிறுத்தை, வால் மட்டும் தொங்குது, வெளிச்சம் அப்பதான் மஞ்சளா இலைக்குள்ள இறங்குது. நான் உக்காந்திருந்தது எதிர்ப்பக்கம். எழுந்து நின்னு ரெண்டு பேரு தோளுக்கு நடுவுல லென்ஸ நீட்டி புடிக்கிறேன், பின்னாடி ஒருத்தரு தண்ணி பாட்டில் எடுக்க குனியுறாரு, காடி லேசா ஆடுது, அவ்ளோதான். 400 எம்எம்ல அந்த லேசான ஆட்டம் போதும், முப்பது படத்துலயும் கண்ணு ஷார்ப்பா இல்ல. டூர் நடத்துன கம்பெனிய கேட்டா எல்லாருக்கும் பாக்க கிடைச்சதே, அப்புறம் என்னன்னு சொல்லிட்டாங்க. பாக்குறதுக்கு 6 பேரு போகலாம் டீச்சர், படம் எடுக்குறதுக்கு 3 பேருக்கு மேல ஒரு காடியில ஏறவே கூடாது, ஆளுக்கு ஒரு வரிசை, ரெண்டு பக்கமும் நகந்துக்க இடம் வேணும். எஞ்சின் ஆஃப் பண்ணணும், ஷட்டர் அமுக்குற நேரத்துல காடியில ஒருத்தரும் அசையக்கூடாது. நல்ல கைடு சொல்லாமலே இத பழக்கிடுவாரு.

உங்க முட்டி விஷயமும் இதுலயே வந்துடுது. மேல்கூரை தூக்குற காடின்னா நீங்க நின்னுக்கிட்டேதான் எடுக்கணும், ஒரு சிங்கம் எழுந்திரிக்கிற வரைக்கும் சில சமயம் ரெண்டு மணி நேரம் நிக்க வேண்டி வரும், முட்டி வலிக்காரங்களுக்கு அது தண்டனை. இன்னொரு வகை இருக்கு, பக்கவாட்டுல கண்ணாடி இல்லாம திறந்து விட்ட லேண்ட் க்ரூசர், சீட்டுல உக்காந்தபடியே கம்பி மேல பீன்பேக், அதான் அரிசி நிரப்புன துணிப்பை, அத வச்சு அதுமேல கேமராவ சாச்சு எடுக்கலாம். இதுல இன்னொரு லாபம், கேமரா தாழ்வா இருக்கும், மிருகத்தோட கண்ணு மட்டத்துக்குக் கிட்ட வரும். மேலேருந்து குனிஞ்சு எடுத்த சிங்கம் கோழி மாதிரி சின்னதா தெரியும், அதே சிங்கத்த கண்ணு மட்டத்துல எடுத்தா முகமே வேற. ஏஜென்ட்கிட்ட இந்த மாதிரி காடிதான் வேணும், ஆளுக்கு ஒரு வரிசை வேணும்னு எழுத்துல வாங்குங்க. காடி படி உயரமா இருக்கும், ஏற ஒரு சின்ன ஸ்டூல் வேணும்னும், சாப்பாட்டு கூடாரத்துக்குக் கிட்ட உள்ள டென்ட் வேணும்னும் முன்னாடியே சொல்லிடுங்க, சில கேம்ப்ல கடைசி டென்ட் ரொம்ப தூரம்.

மூணு கேம்ப்னு போட்டிருக்காங்களே, அது எனக்குப் புடிக்கல. ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒரு காலையோ ஒரு சாயங்காலமோ போயிடும், நல்ல வெளிச்சம் இருக்கிறதே அந்த ரெண்டு நேரம்தான். 8 ராத்திரிக்கு ரெண்டு கேம்ப் போதும், ஒண்ணு மாரா ஆத்துக்குக் கிட்ட, இன்னொண்ணு ரிசர்வுக்கு ஒட்டி இருக்கிற கன்சர்வன்சி ஒண்ணுல, நபோய்ஷோ, ஓலாரே மோட்டரோகி, மாரா நார்த் மாதிரி. அதெல்லாம் மசாய் மக்களோட சொந்த நிலம், கேம்ப்காரங்க வாடகை கட்டி மிருகத்துக்கு விட்டிருக்காங்க. அங்க ஒரு மிருகத்த சுத்தி எத்தன காடி நிக்கலாம்னு கட்டுப்பாடு இருக்கு, பாதைய விட்டு இறங்கி ஓட்டலாம், ராத்திரியும் சுத்தலாம். மாரா ரிசர்வுக்கு உள்ள அப்படி முடியாது, அங்க ஒரு சிறுத்தை தெரிஞ்சா இருபது காடி வந்து குமிஞ்சிடும்.

ஆகஸ்ட் ஏன்னா வில்டபீஸ்ட் கூட்டம், மாடு மாதிரி இருக்கிற மான் வகை அது, ஜூலைலேருந்து அக்டோபர் வரைக்கும் பக்கத்து நாடு தான்சானியாவுல உள்ள செரெங்கெட்டிலேருந்து மாராவுக்கு வந்திருக்கும், லட்சக்கணக்குல, கூடவே வரிக்குதிரைங்க, அதுங்க முதலை இருக்கிற ஆத்த தாண்டுறத பாக்கத்தான் உலகமே அங்க வருது. ஆனா ஆத்தங்கரையில 5 மணி நேரம் காத்திருந்தும் ஒரு மாடு கூட இறங்காம எல்லாம் திரும்பி மேயப் போயிடும், எனக்கே நடந்திருக்கு, அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது, குடுத்தா அந்த ஏஜென்ட நம்பாதீங்க. காசு பத்தியும் சொல்லிடுறேன், மாரா ரிசர்வ் நுழைவுக் கட்டணம் 2024லேருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜனவரி-ஜூன்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 அமெரிக்க டாலர், ஜூலை-டிசம்பர்ல 200. ரெண்டு பேருக்கு 8 நாள்னா அதுவே எவ்ளோ வெள்ளி ஆகுதுன்னு கணக்கு போட்டுப் பாருங்க, அது பேக்கேஜ்ல சேத்தியான்னு கேளுங்க. ஆத்த தாண்டுற காட்சி முக்கியமில்ல, சிங்கம் சிறுத்தைதான் வேணும்னா பிப்ரவரியில போங்க. அதுங்க வருஷம் முழுக்க அங்கயேதான் இருக்கும், காடியும் கம்மியா இருக்கும். என்னை கேட்டா உங்களுக்கு பிப்ரவரிதான் சரி.

டென்ட் பயத்துக்கு வருவோம். ஸ்கவுட் கேம்ப் கூடாரம் மாதிரி நினைச்சுக்காதீங்க, தடிச்ச கேன்வாஸ்ல, பலகை தளத்து மேல நிக்கிற ஒரு ரூம் அது, உள்ள கட்டிலு, ஃப்ளஷ் டாய்லெட், சில கேம்ப்ல குளிக்க வாளி ஷவர், எத்தன மணிக்கு குளிக்கணும்னு சொன்னா வெளியேருந்து சுடுதண்ணி ஊத்துவாங்க. சுத்தி வேலி இருக்காது, அதான் உண்மை. ராத்திரி நீர்யானை புல்லு மேயுற சத்தம் கேன்வாஸுக்கு அந்தப் பக்கம் சரக் சரக்குன்னு கேக்கும், முதல் ராத்திரி தூக்கம் வராது. ஆனா டென்ட் மிருகத்துக்கு ஒரு பாறை மாதிரி, மூடியிருந்தா அது பாட்டுக்கு ஒதுங்கிப் போயிடும். ஜிப்ப முழுசா மூடுங்க, உள்ள பிஸ்கட், முறுக்கு ஒண்ணும் வைக்காதீங்க, குரங்கு ஜிப்ப திறக்க பழகியிருக்கும், இருட்டுன பிறகு காவல்காரர் டார்ச்சோட வந்து கூட்டிட்டுப் போகாம ஒரு அடி கூட வெளிய வைக்காதீங்க, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க. மாரா 1,500 மீட்டருக்கு மேல இருக்கு, விடியக்காலம் கேமரன் மலை குளிர் இருக்கும், போர்வைக்குள்ள சுடுதண்ணி பை ஒண்ணு வச்சிருப்பாங்க, மொத நாள் ஏதோ உயிரோட இருக்குன்னு பதறாதீங்க.

சாப்பாடு கவலையே வேணாம், மரக்கறின்னு முன்னாடி சொன்னா தனியா சமைப்பாங்க, சப்பாத்தி அங்க தினசரி சாப்பாடு. 1896ல ஆரம்பிச்ச ரயில் பாதை போட இந்தியாவுலேருந்து வெள்ளக்காரன் கூலி ஆளுங்கள கொண்டு போனான், அவங்க வழியா அந்த ஊருல ஒட்டிக்கிட்டது அது. நம்ம தாத்தா பாட்டிங்கள கப்பல்ல இங்க கொண்டு வந்ததும் கிட்டத்தட்ட அதே காலம்தான், அந்த சப்பாத்திய சாப்பிடும்போது எனக்கு எங்க லயத்து வீடு ஞாபகம் வரும்.

லென்ஸ். உங்க கேமரா சென்சார் சின்னது, அதனால 250 எம்எம் கிட்டத்தட்ட 400 மாதிரி தெரியும், யானை, ஒட்டகச்சிவிங்கி, காடிக்குப் பக்கத்துல படுத்திருக்கிற சிங்கத்துக்கு அது போதும். பறவைக்கும் தூரத்துல ஓடுற சீட்டாவுக்கும் பத்தாது. அதுக்காக புதுசு வாங்காதீங்க, கோலாலம்பூர்ல 100-400 இல்ல 150-600 வாடகைக்கு எடுங்க, 55-250 வீட்டுக்காரர் கையில இருக்கட்டும், ஆளுக்கு ஒரு கேமரா ஒரு லென்ஸ், காடியில லென்ஸ் மாத்தவே கூடாது, அந்த செம்மண் தூசி சென்சார்ல உக்காந்தா எல்லா படத்துலயும் புள்ளி. ட்ரைபாட் வேணாம், காடிக்குள்ள விரிக்க இடமே இல்ல. பழைய ஜீன்ஸ் கால வெட்டி டவுன்ல டெய்லர்கிட்ட குடுத்து ஜிப் வச்ச பை தைங்க, காலியா கொண்டு போயி அங்க அரிசி போட்டுக்கலாம், அதான் பீன்பேக்.

செட்டிங் சுருக்கமா சொல்றேன். மேனுவல் மோட், அபர்ச்சர், அதான் லென்ஸோட வாய், எவ்ளோ திறக்குமோ அவ்ளோ, வெளிச்சத்த கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓ ஆட்டோ, ஷட்டர் வேகம் மட்டும் உங்க கையில. படுத்திருக்கிற மிருகத்துக்கு 1/250 செகண்ட், நடக்குறதுக்கு 1/1000, ஓடுறதுக்கு 1/2000. விடியும்போது ஐஎஸ்ஓ 6400 போனாலும் பரவால்ல, படத்துல பொடிப்பொடியா வர்ற நொய்ஸ அப்புறம் குறைக்கலாம், ஆடுன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. 10 மணிக்கு மேல தரையிலேருந்து சூடு கிளம்பி தூரத்துப் படமெல்லாம் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி நெளியும், லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, அந்த நேரம் கேம்ப்ல படுத்து தூங்கி பேட்டரி சார்ஜ் போடுங்க. ப்ளக் நம்ம ஊரு மூணு கால் ப்ளக்கேதான், அடாப்டர் வேணாம்.

நைரோபி வில்சன் ஏர்போர்ட்லேருந்து மாராவுக்கு சின்ன ப்ளேன், ஒரு ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேத்து, அதுவும் மெத்துனு அமுங்குற பை, சக்கரம் வச்ச பெட்டி ஏத்த மாட்டாங்க. 150-600 மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோ, அதனால துணிய குறைங்க, கேம்ப்ல துவைச்சு குடுப்பாங்க. பிளாஸ்டிக் பை கென்யாவுல 2017லேருந்து தடை, நாம எதையும் பிளாஸ்டிக்ல சுத்தித்தான் அடுக்குவோம், அத துணிப்பையா மாத்திக்குங்க. உள்ள நுழைய இ.டி.ஏ. அனுமதிய கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல எடுக்கணும்.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு, ஏஜென்ட் பேப்பர்ல இது இருக்கான்னு பாருங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவுலேருந்து திரும்பி மலேசியாவுக்குள்ள வரும்போது ஊசி போட்டதுக்கு சான்றா குடுக்கிற மஞ்சள் அட்டைய நம்ம ஏர்போர்ட்லயே கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடலாம். குறைஞ்சது 10 நாளைக்கு முன்னாடி போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். ஆனா உங்க வீட்டுக்காரருக்கு 61, 60 தாண்டினவங்க முதல் தடவையா போடும்போது பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூட, அதனால கடைசி வாரம் வரைக்கும் விட்டுட்டு ஓடாதீங்க. அவரோட மருந்து சீட்டெல்லாம் எடுத்துட்டு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே டாக்டர பாருங்க, போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னா அதுக்கு முறையா கடிதம் வாங்கணும். மலேரியா மாத்திரையும் அப்பவே கேட்டுடுங்க.

கைடு பத்தி ஒரு வார்த்த. கிட்ட போ, இன்னும் கிட்ட போன்னு தயவு செஞ்சு அவர நெருக்காதீங்க, கூட வர்றவங்க நெருக்குனாலும் வேணாம்னு சொல்லுங்க. சீட்டா பகல்ல வேட்டையாடுற மிருகம், காடி நடுவுல பூந்தா அன்னிக்கு குட்டிக்கு சாப்பாடு இல்ல. 2018ல மாரா சீட்டாக்கள பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு, டூரிஸ்ட் நிறைய வர்ற பக்கம் இருந்த தாய்ங்களால சராசரியா ஒரு குட்டிய கூட முழுசா வளத்து ஆளாக்க முடியல, டூரிஸ்ட் கம்மியா இருந்த பக்கம் ரெண்டுக்கு மேல. நம்ம நாட்டுல மலாயாப் புலி 150க்கும் கம்மியா வந்து நிக்குது, நாம ஏற்கனவே ஒரு புலிக்காட்ட இழந்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க, இன்னொரு ஊருக்குப் போய் நம்மளால ஒரு குட்டி பட்டினி கிடக்கக்கூடாது டீச்சர். நல்ல கைடு தூரத்துலயே நிப்பாட்டி, மிருகம் எந்தப் பக்கம் நடக்கும்னு யோசிச்சு, சூரியன முதுகுக்குப் பின்னாடி வச்சு காத்திருப்பாரு, மிருகம் தானா வரும். ஏஜென்ட்கிட்ட கைடு எடுத்த படத்த கேக்காதீங்க, அவரோட போனவங்க எடுத்த படத்த கேளுங்க.

அதுவரைக்கும் ஊருலயே பழகுங்க. குவாலா குலா உங்களுக்குப் பக்கம்தான், ஞாயித்துக்கிழமை காலையில போயி கொக்கு நாரை பறக்குறத 1/2000ல எடுத்துப் பாருங்க. செம்பனைக் காட்டுல எலி புடிக்க ஆந்தைக்கு மரப்பெட்டி வச்சிருப்பாங்கள்ல, வீட்டுக்காரருக்கு எந்த பிளாக்ல எந்த பெட்டின்னு தெரிஞ்சிருக்கும், மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு சாயங்காலம் ஏழேகால் மணிக்கு காடிய ஓரமா நிப்பாட்டி எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, இறங்காம, ஜன்னல்ல பீன்பேக் வச்சு காத்திருங்க. மாராவுலயும் நம்ம ஊரு மாதிரி பொழுது சட்டுன்னு சாயும், வெளிச்சமும் இப்படித்தான் போகும். ஆந்தை பெட்டி வாசல்ல வந்து உக்காரும்போது உங்க கேமரா எந்த ஐஎஸ்ஓ வரைக்கும் தாங்குதுன்னு பாத்து, அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க, வாடகைக்கு 100-400 எடுக்குறதா 150-600 எடுக்குறதான்னு அத பாத்து சொல்றேன்.