ரிவஸ்டன் காற்றுமலைக்குப் போக முன்: கேள்வி பதில்

மாத்தளைக்கு அப்பால் இருக்கிற நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டன் பக்கம் நடக்கப் போவதைப் பற்றி நம் திருகோணமலை ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, விடிய வெளிக்கிட்டால் இரவு வீடு வரலாமா?

வரலாம். ஆனால் நான் அப்படிப் போகச் சொல்ல மாட்டேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, இரத்தோட்டை என்று சுமார் 180 கிலோமீற்றர், வாகனத்தில் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். காலை எட்டு மணிக்கு மலையில் நிற்க வேண்டுமென்றால் மூன்றுக்கே வெளிக்கிட வேண்டும், அந்த நேரம் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் றோட்டுக்கு யானை வரும், லைற் வெளிச்சத்தில் அது தெரியும்போது பிரேக் பிடிக்கத் தூரம் இருக்காது. முதல் நாள் பின்னேரமே போய் மாத்தளையில் தங்குங்கள். திரும்பும்போதும் மத்தியானம் ஒரு மணிக்கு இறங்கினால்தான் இருட்டுமுன் கந்தளாயைத் தாண்டலாம்.

நிலாவெளி: கடற்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காற்றைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஆனி, ஆடியில் நம்மைக் காய்ச்சி எடுக்கிற கச்சான் காற்று இருக்கிறதே, அதே காற்றைத்தான் அங்கே சந்திக்கப் போகிறீர்கள், ஆனால் ஈரமாக. தென்மேற்கிலிருந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போதுதான் அது சூடேறி வறண்டு நம்மிடம் வருகிறது. ரிவஸ்டன் கணவாயில் அகலமாக வந்த காற்று ஒடுங்கி நுழைவதால் வேகம் கூடிவிடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, குடை ஒரு நிமிடம் தாங்காது, தொப்பி போனால் போனதுதான். உயரம் ஏறத்தாழ 1,400 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறு ஏழு பாகை குறையும் என்பதால், இங்கே 33 என்றால் அங்கே 24 அளவில் இருக்கும். கேட்க சுகமாகத்தான் இருக்கிறது, நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்! காற்றுப் புகாத மழைச்சட்டை ஒன்று எல்லோருக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பும் சேர்த்து.

கிண்ணியா: நானா, எந்த மாதம் நல்லம்?

மாசி, பங்குனி. மார்கழியில் நமக்குப் பெய்கிற மழை அங்கும் பெய்யும், மூடுபனியில் எதிரே நிற்பவரே தெரியமாட்டார்.

உவர்மலையிலிருந்து ஒரு அக்கா: அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு போகலாமா?

தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிற முகட்டுக்கு வேண்டாம் அக்கா. இலுக்கும்புர ஊர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் பிட்டவல பத்தனை என்ற புல்வெளி வரும், பெரிய ஏற்றம் இல்லை, அம்மா விரும்பிய தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். அதன் முடிவில் நிலம் சட்டென்று கீழே போகிற இடத்தைத்தான் சின்ன உலக முடிவு என்கிறார்கள். காற்று பலமென்றால் விளிம்புக்குப் போகாமல் உட்கார்ந்து பாருங்கள், பிள்ளைகளின் கையை விடவேண்டாம். அங்கே பாறைமேல் மண் மெல்லிய படைதான். நீர் கசிகிற வெடிப்புகளில் குனிந்து பார்த்தால், பாறையின் நிறத்திலேயே தட்டையாக ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கும், அசையும் வரைக்கும் கண்ணுக்குப் பிடிபடாது. உலகத்திலேயே நக்கிள்ஸில் மட்டும் வாழ்கிற இனம் அது. கல்லைப் புரட்டித் தேடாதீர்கள்.

மூதூர்: அட்டை கடிக்குமா?

கடிக்கும். நீளமான காலுறை போட்டு, அதன்மேல் சவர்க்காரம் தேயுங்கள். ஏறினாலும் பயமில்லை, நகத்தால் தள்ளிவிட்டால் சரி.

சாம்பல்தீவு: பெடியள் எல்லாம் சேர்ந்து மேலே சமைக்கலாம் என்று இருக்கிறோம்.

தம்பி, கூடவே கூடாது. வனத் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள காடு, 2010 முதல் உலக மரபுரிமை இடமும்கூட. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் அந்தக் காற்றில் யாராலும் அணைக்க முடியாது. புட்டையும் சம்பலையும் மாத்தளையிலேயே கட்டிக்கொள்ளுங்கள், பொலித்தீன் வேண்டாம், வாழையிலையில். சாப்பிட்டபின் இலையையும் பையில் போட்டுக் கீழே கொண்டு வாருங்கள்.