தீ மூட்டும் கம்பி வேண்டாம், குப்பைப் பை போதும்

மலையேறக் கிளம்புகிறவர்களும், வீட்டில் ஓர் அவசரப் பை கட்டிவைக்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பாதிப் பேர் கேட்டது 'எதை வாங்கலாம்?' என்பதுதான். என் பதில் பெரும்பாலும் 'வாங்காதீர்கள்' என்றே வரும். கடைக்காரர்கள் மன்னிக்கவும்.

ஆன்லைனில் 32 பொருள்கள் அடங்கிய 'சர்வைவல் கிட்' பார்த்தேன். முதல் மலையேற்றத்துக்கு அது போதுமா சார்? (கோவை)

வாங்கினால் வீட்டுப் பிள்ளைகள் விளையாட ஆகும். அதற்குள் என்ன இருக்கிறது பாருங்கள்: கம்பி ரம்பம், தூண்டில் முள், தீப்பொறி தட்டும் கம்பி, கயிற்றில் பின்னிய காப்பு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி. ஆள் நடமாட்டமே இல்லாத பனிக்காட்டில் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்பவருக்கு யோசித்துச் செய்தவை இவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வழி தவறியவர்களை நானும் தேடிப் போயிருக்கிறேன். எல்லோருமே ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு வெளியே கிடந்தவர்கள். யாரும் மீன் பிடிக்கவில்லை. நனைந்தார்கள், நடுங்கினார்கள், இருட்டில் கால் வைக்க இடம் தெரியாமல் உட்கார்ந்தார்கள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார்கள்.

அதனால் என் பட்டியல் சின்னது. ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கருப்புக் குப்பைப் பை இரண்டு, நெற்றியில் கட்டும் டார்ச், விசில், 2 லிட்டர் தண்ணீர், குளோரின் மாத்திரை, க்ரேப் பேண்டேஜ் இரண்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய், பவர் பேங்க்.

குப்பைப் பையா என்று சிரிக்காதீர்கள். கொடைக்கானலுக்குக் கீழே ஒரு சோலை ஓரத்தில், ஜூன் மழையில், நாங்கள் நான்கு பேர் ஓர் இரவு மாட்டிக்கொண்டோம். மூன்று பேரிடம் விலை உயர்ந்த ஜாக்கெட் இருந்தது, காலில் ஜீன்ஸ். நான்காமவர் வழி காட்ட வந்த உள்ளூர்ப் பெரியவர். அவர் ஒரு யூரியா சாக்கை எடுத்து, அடிப்பக்கத்து ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்து, கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். இடுப்புவரை மறைந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தன் பையின் மேலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். விடியும்போது எங்கள் ஜீன்ஸ் ஈரச் சிமெண்டு மூட்டை போலக் காலைக் கவ்வியிருந்தது. பல் கிட்டித்துப் பேச வரவில்லை. அவர் எழுந்து வெற்றிலை போட்டார்.

குப்பைப் பையும் கொங்காணிதான். மூடிய அடிப்பக்கத்து மூலையில் முகம் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்டு, தலைவழியாக மாட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஓட்டை கட்டாயம், மூச்சுவிட வேண்டுமே. வெறும் தரையில் மட்டும் உட்காராதீர்கள். உடம்புச் சூட்டை ஈர மண் உறிஞ்சிவிடும். வெள்ளிபோல் பளபளக்கும் அவசரப் போர்வை வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. அடியில் ஏறும் குளிரை அது தடுக்காது.

எதுவுமே இல்லாவிட்டாலும் தீ மூட்டத் தெரிந்தால் பிழைக்கலாம் என்கிறார்களே? (திண்டுக்கல்)

எந்தக் காட்டில் என்பதுதான் கேள்வி. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி அதற்குள் தீ மூட்டுவதை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ம் பிரிவு தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், கோடையில் நம் மலைச்சரிவுப் புல் எப்படி எரியும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பார்த்துவிட்டோம். மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

தீ மூட்டுவதைவிட, தீ வந்தால் என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், அதுவும் மனிதக் காலைவிட வேகமாக. ஆகவே உச்சியை நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள். பாறைப் பரப்பு, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய இடம், இந்த மூன்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். கருகிய இடத்தில் மறுபடி எரியப் புல் இருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்துக்குச் சட்டெனக் காயும் பாலியெஸ்டர் துணி நல்லது, பருத்தி ஆகாது. தீப்பருவத்தில் தலைகீழ்: பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், பருத்திதான் பாதுகாப்பு. 'மலையேற்ற உடை' என்று ஒன்றை வாங்கி வருஷம் முழுக்கப் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. புல் காய்ந்த மாதங்களில் வனத்துறை பாதையை மூடினால் குறுக்கு வழியில் நுழையாமல் வீட்டில் இருங்கள்.

பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் பம்ப் வாங்கியிருக்கிறேன். எப்படிப் பயன்படுத்துவது? (ராஜபாளையம்)

பயன்படுத்தவே வேண்டாம். அது விஷத்தை எடுப்பதில்லை, கடிபட்ட தசையைத்தான் இன்னும் கெடுக்கிறது. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆளை உட்கார வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், கொலுசு, வாட்ச், ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல, கடிபட்ட கையையோ காலையோ குச்சி அல்லது மடக்கிய குடை வைத்து அசையாமல் க்ரேப் பேண்டேஜால் கட்டுங்கள். கட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்க வைக்காமல் தூக்கி வாருங்கள். 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதைத் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவார்.

நம் ஊரில் கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு விஷங்களுக்கும் சேர்த்துச் செய்தது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் முக்கியமானவர்கள். மலையில் இருக்கும் குழிவிரியன்கள் இந்த நான்கில் சேராது. அவற்றின் கடிக்கு இந்த மருந்து கேட்காது என்றாலும், ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சிகிச்சை தர மருத்துவமனைதான் வேண்டும்.

கட்டுவிரியனைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். காலையில் வயிற்று வலி, இமை சரிவது என்று தொடங்கினால் தாமதிக்காதீர்கள். முகாமில் ஜிப் போட்டு மூடும் கூடாரமும், ராத்திரி ஒன்றுக்குப் போகும்போது கையில் டார்ச்சும்தான் உண்மையான பாம்புக்கடிக் கருவிகள்.

அட்டைக்கு உப்பா, புகையிலையா? (வால்பாறை போகவிருக்கும் ஒருவர்)

இரண்டும் சரி, ஆனால் காலுறையின் மேல். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்புக் கொட்டாதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்து ஓரமாக நெம்புங்கள், விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

மலை ஓடைத் தண்ணீர் மினரல் வாட்டரைவிடச் சுத்தம் என்பது உண்மையா? (மதுரை)

மேலே காட்டெருது படுத்திருப்பது உங்களுக்குத் தெரியவா போகிறது? தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமிகள் சாகும்; 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். ஆனால் தீ மூட்டக் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். எனவே வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பதை மாத்திரை உறையில் படியுங்கள். தொட்டிக்குப் போடும் மாத்திரையைப் பாட்டிலில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வரும் ஓடையில் மட்டும் எடுக்காதீர்கள். பூச்சிமருந்தைக் கொதிக்க வைத்தாலும் மாத்திரை போட்டாலும் போகாது.

அமெரிக்காவிலிருந்து வரும் தம்பியிடம் சாட்டிலைட் மெசேஞ்சர் வாங்கிவரச் சொல்லலாமா? (சென்னை)

டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிதானே? வேண்டவே வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டுக் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. தம்பி பாவம்.

இருக்கும் போனையே ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். ஏறத் தொடங்கியதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் சார்ஜ் தீர்கிறது. முன்பே மேப்பை இறக்கி வைத்திருந்தால் டவர் இல்லாமலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆபத்து என்றால் அந்த மோடை எடுத்துவிட்டு, ஒரு கோடு சிக்னல் கிடைத்தால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் போனில் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாக அது போகும். பேச முடியாத இடத்திலிருந்து எஸ்.எம்.எஸ். போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு, வீட்டுக்கு இருப்பிடத்தை அனுப்புங்கள். அப்புறம் விசில்: மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று. கிளம்புவதற்கு முன், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். ஒருவரைத் தேடிப் போகும்போது நாங்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். பெரும்பாலும் இருக்காது.

ஓடையில் குளிக்கும்போது வெள்ளம் வருவதை எப்படி அறிவது? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தது உங்கள் பக்கத்துச் செய்தி. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை இறங்கிவரும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், துணிமணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள். கரை ஓரமாகவே ஓடாமல், மேடு பார்த்து ஏறுங்கள்.

வீட்டுக்கும் இதே பை போதுமா? 2023 மிக்ஜாம் புயலில் கஷ்டப்பட்டோம். (வேளச்சேரி)

அதே பையில் ஒரு வாரத்துக்கான மாத்திரைகள், ஆதார், பத்திர நகல்கள், கொஞ்சம் சில்லறைப் பணம் சேருங்கள். மின்சாரம் போனால் ஜி-பே வேலை செய்யாது. ஓ.ஆர்.எஸ். தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் தலை தட்டியதாக இருக்கட்டும். பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரண் மேல் வைத்துவிடுங்கள்.