எதிர்பார்த்ததும் வந்ததும் ஒன்றுபோலவே இருக்கின்றன, பிறகு ஏன் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாமாவின் காய்கறிக் கடைக்குப் பைத்தானில் கணக்கு நிரல் எழுதி, டாக்டெஸ்ட் (நிரலின் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்த விடையும் நிரல் தரும் விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்க்கும் பைத்தான் கருவி) வைத்துச் சோதிக்கிறேன். ஒரு டெஸ்ட்டில் எதிர்பார்த்த விடை, வந்த விடை இரண்டுமே 'கோயம்பேடு'தான்; ஆனாலும் ஃபெயில். இன்னொரு டெஸ்ட் ஒரு தடவை பாஸ் ஆகிறது, அடுத்த தடவை ஃபெயில். வந்த அவுட்புட்டையே எடுத்து எதிர்பார்த்த இடத்தில் ஒட்டிவிடு என்கிறான் நண்பன். செய்யலாமா?"

ஒட்டாதீர்கள். உங்கள் முதல் டெஸ்ட் ஒரு நிஜமான பிழையைப் பிடித்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இரண்டு 'கோயம்பேடு'களையும் குறியீடுகளை எண்ணிச் சொல்லும் லென் ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 9 என்றும் மற்றதற்கு 10 என்றும் வந்தால் விஷயம் பிடிபட்டுவிடும். எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. ஆஸ்கி ஃபங்ஷன் வழியாக அச்சிட்டால் ஒவ்வொரு குறியீடும் எண்ணாக வெளியே வரும், எங்கே பிரிகிறது என்று பார்த்துவிடலாம். தட்டச்சு செய்த கருவி, நகலெடுத்த இடம் இவற்றைப் பொறுத்து இந்த இரண்டில் எது வேண்டுமானாலும் வந்து சேரும்.

இப்போது நண்பர் சொன்னபடி ஒட்டினால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். ஆனால் கடைக் கணக்கில் கோயம்பேடு இரண்டு ஊராகவே இருக்கும்: மொத்தக் கொள்முதல் இரண்டு வரியாகப் பிரியும், தேடினால் பாதிதான் கிடைக்கும். மாமா எதை நம்புவார்? தரவு உள்ளே வரும் இடத்திலேயே, யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனால் எல்லாவற்றையும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். டெஸ்ட்டுக்குள் மட்டும் மாற்றினால் பிழை மறையும், போகாது.

லென் இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தந்தால், அதே வரியில் டேப் இருக்கிறதா பாருங்கள். டாக்டெஸ்ட் எதிர்பார்த்த விடையிலுள்ள டேப்பை ஸ்பேஸ்களாக விரித்துவிடும், நிரல் அச்சிட்டதை அப்படியே விட்டுவிடும். வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு ஸ்பேஸ் போதும், அதுவும் ஃபெயில்தான்.

இரண்டாவது டெஸ்ட்டில் காய்களின் பெயர்களை ஒரு செட்டாக (வரிசை இல்லாத தொகுப்பாக) அச்சிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பைத்தான் 3.3 முதல், சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ், அதாவது பைத்தான் உள்ளுக்குள் அவற்றுக்குக் கணக்கிடும் எண், ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். அதனால் செட்டின் வரிசையும் மாறும். டிக்‌ஷனரிக்கு (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) 3.7 முதல் நுழைத்த வரிசை உறுதி, செட்டுக்கு அந்த உறுதி இல்லை. வரிசைப்படுத்தித் தரும் சார்ட்டட் ஃபங்ஷனைப் போட்டு அச்சிடுங்கள், அல்லது எதிர்பார்த்த செட்டோடு சமமா என்று கேட்டு ட்ரூ வருகிறதா பாருங்கள். ஒரு விஷயம்: சார்ட்டட் தருவது யூனிகோட் வரிசை. அதில் 'ந'வை அடுத்தே 'ன' வந்துவிடும், நம் அகராதி வரிசை அதுவல்ல. டெஸ்ட்டுக்கு அது போதும், கடைப் பட்டியலுக்குப் போதாது.

எடையிலும் இதே தொல்லை வரும். 0.1 கிலோ மிளகாயையும் 0.2 கிலோவையும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். எடையைக் கிராமிலும் விலையைப் பைசாவிலும் முழு எண்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம், கோப்புப் பாதை மாதிரி மாறியே தீரும் பகுதிகளுக்கு டாக்டெஸ்ட்டின் எலிப்சிஸ் வசதியை (மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்) இயக்கி, அந்த இடத்தில் மட்டும் மூன்று புள்ளி வையுங்கள். வரி முழுவதையும் புள்ளிகளால் நிரப்பினால் எந்தத் தப்பும் பாஸ் ஆகிவிடும்.

சரி, எதிர்பார்த்த விடையை எங்கிருந்து எடுப்பது? மாமாவிடம் பழைய பில் நாலைந்து வாங்குங்கள். அவர் கையால் கூட்டிப் போட்ட தொகையை, நிரலை ஓட்டுவதற்கு முன்பே டாக்ஸ்ட்ரிங்கில் (டாக்டெஸ்ட் படிக்கும் அந்த விளக்கக் குறிப்பில்) எழுதிவிடுங்கள்.