தென்னை நார்த் தொழிலால் கிராமத்துக்கு உண்மையில் என்ன லாபம்?

'தோப்பு வைத்திருப்பவர்களுக்குத்தானே லாபம், மற்றவர்களுக்கு என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் நான் பார்த்து வளர்ந்தது வேறு. தேங்காய்க் காசு தோப்புக்காரருக்குப் போகும், அதுவும் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தேங்காயை உரித்தெடுத்த மட்டை தரும் காசுதான் நிலமில்லாத வீடுகளுக்கு வாராவாரம் வரும். என் அம்மா பதினோரு வருடம் நார் மில் களத்தில் வேலை செய்தவர். மளிகைக் கடைப் பாக்கி, என் பள்ளிக்கூட நோட்டு, குழுத் தவணை எல்லாமே அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான்.

தண்ணீர் விட்டு ஊறவைத்த மட்டை மில்லுக்குள் அடிபட்டு, நாரும் துகளுமாகப் பிரியும். ஆயிரம் மட்டைக்கு 80 கிலோ அளவுக்குத்தான் நார். துகள் அதைப்போல இரண்டு மடங்கு. ஈர நாரை வெயிலில் பரப்பிப் புரட்டுவது பெண்கள் வேலை. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் வந்து சட்டையை உதறினால் திண்ணையெல்லாம் பழுப்புத் தூசி. மழை பிடித்தால் களம் காயாது, அந்த வாரம் கூலியும் கிடையாது.

முன்பு துகளைச் சாலையோரம் மலைபோலக் குவித்துவிடுவார்கள். இப்போது அதை உப்புப் போகக் கழுவி, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நல்ல காசு. ஆனால் கழுவிய தண்ணீர் இறங்கி, எங்கள் தெருக் கிணறு டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியது. 2021-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை, மாசு இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து ஓரளவு மாசுபடுத்தும் தொழில்களுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது மில்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான் என்பேன்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று. நாரை அப்படியே கட்டுக் கட்டி, பெரும்பகுதியைச் சீனாவுக்குக் கப்பலேற்றுகிறோம். அங்கே மெத்தைக்குப் போகிறது. 2021-இல் கன்டெய்னர் வாடகை ஏறியதும் இங்கே களத்தில் வேலை குறைந்தது.

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் நாரைக் கயிறாகத் திரித்து விற்கிறார்கள். ஒருமுறை அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். ஒரு பெண் மடியில் நாரைக் கட்டிக்கொண்டு, கயிறு திரிக்கும் ராட்டு சுற்றச் சுற்ற, விரலால் நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்து போனார். கயிறு நீண்டுகொண்டே வந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் போய் ராட்டு என்ன விலை என்று விசாரித்தார்.