வியர்வை தெரியாத உடை: டி-சட்டையை விட அம்மாவின் ரவிக்கையில் வாய்ப்பு அதிகம்

கேள்வி: பினாங்கில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற, வியர்வை படியாத டி-சட்டைகளைத் தயாரித்து விற்க ஆசை. விளையாட்டு உடைக்குப் பயன்படும் பாலியஸ்டர் துணிதான் நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கையில் 3,000 ரிங்கிட் இருக்கிறது. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: துணி வாங்கப் போகும் முன்பு ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்கள் உடை சீக்கிரம் காய வேண்டுமா, அல்லது ஈரம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டுமா? பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சல்.

பாலியஸ்டர் இழை தனக்குள் ஈரத்தை வைத்துக்கொள்வதே இல்லை எனலாம். சாதாரண காற்றில் அதன் எடையில் 0.4 சதவீதம்தான் ஈரம், பருத்தியில் 8.5 சதவீதம். விளையாட்டுத் துணியில் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல வியர்வையை இழுத்து அகலமாகப் பரப்புகின்றன. பரப்பு கூடினால் சீக்கிரம் காயும். ஆனால் அக்குளில் உள்ளங்கை அளவு இருந்த ஈரம் விலா வரை விரியும். ஓட்டப்பந்தயத்தில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் நிச்சயம் பார்ப்பார்கள்.

காய்வதிலும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். உடல் குளிர்வது அதனால்தான். பினாங்கின் ஈரக்காற்றில் வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டிப் போய்விடுகிறது. வறண்ட ஊர்களில் பேர் வாங்கிய துணி இங்கே பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம். வியர்வையே வெளிவராதபடி உடல் முழுவதையும் அடைக்கும் உடையை மட்டும் தைத்துவிடாதீர்கள். அது வெப்பத்தை உள்ளே பூட்டும். உடல்நலத்துக்கே ஆபத்து.

டி-சட்டையை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் போட்டி. யுனிக்லோ போன்ற பெரிய நிறுவனங்கள் பேரங்காடிகளில் ஏற்கெனவே சீக்கிரம் காயும் உள்ளாடைகளை விற்கின்றன. நீங்கள் கேட்கும் நிறத்தில் துணி நெய்து சாயமேற்ற, ஆலைகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கிலோவுக்கு ஆர்டர் கேட்கும். 3,000 ரிங்கிட் அங்கே முதல் நாளிலேயே கரைந்துவிடும்.

உங்கள் வீட்டிலேயே இருப்பதைப் பாருங்கள். பட்டு ரவிக்கையின் அக்குளில் படியும் கறைக்கு நம் பெண்கள் எவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இறங்கும்போது அந்தக் கறை எல்லார் ரவிக்கையிலும் இருக்கும். அக்குள் பகுதிக்கு மட்டும் கழற்றித் துவைக்கக்கூடிய பட்டையை உருவாக்குங்கள்: உடலை ஒட்டி மெல்லிய பருத்திப் பின்னல் துணி, நடுவில் நீர் கசியாத மெல்லிய பாலியூரித்தேன் (வளையும் பிளாஸ்டிக் வகை) படலம், வெளியே ரவிக்கையின் உள்துணி நிறத்தில் வழுவழுப்பான துணி. மேலைநாட்டுத் தையலில் 19ஆம் நூற்றாண்டிலேயே இதுபோன்ற பட்டைகள் இருந்தன. இறுக்கமான நம் ரவிக்கைக் கைக்குழிக்குள் தடிப்புத் தெரியாமல் அதைப் பொருத்துவதுதான் நீங்கள் தீர்க்க வேண்டிய சிக்கல். அதில் அம்மாவின் கைப்பழக்கத்துக்கு ஈடு எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. சிறிய இடத்தை மட்டும் அடைப்பதால் உடல் குளிர்வதும் தடைப்படாது.

சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. பட்டையின் பருத்தி அடுக்கில் ஒரு சொட்டு நீர் விட்டு, அதன் பளபளப்பு மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு சமையலறைத் தராசில் பட்டையை எடைபோட்டு, 5 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். இதைக் குளிர்சாதன அறையில் செய்யவே செய்யாதீர்கள். அங்கே எல்லாத் துணியும் நல்ல துணியாகத்தான் தெரியும். மதிய நேரத்தில், விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இருபது முறை துவைத்தபின் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் இழைமேல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதால், அதைச் சேர்க்கக் கூடாது என்று உறையிலேயே அச்சிடுங்கள். நாற்றத்தையும் கவனியுங்கள். பாலியஸ்டர் உடலின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைப்பதால் பருத்தியைவிட அதிகமாக நாறும். உடலை ஒட்டும் அடுக்குக்குப் பருத்தி என்று நான் சொன்னது இதனால்தான்.

வாடிக்கையாளர் புதிய ரவிக்கை தைக்க வந்தால் நிறத்திலும் உதவலாம். சாம்பல், வெளிர்நீலத்தில் ஈரம் உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளை, கருநீலம், கறுப்பு, பூப்போட்டவை ஓரளவு மறைக்கும்.

வணிகங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30. வணிகச் சின்னத்தை மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) பதிவதற்கு இப்போது அவசரமில்லை. விளம்பர வாசகத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். '100 சதவீதம் வியர்வை புகாது' என்று எழுதி அது பொய்யானால், 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றமாகலாம். நீங்கள் அளந்து பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

முதல் தொகுதிக்கு 500 ரிங்கிட்டுக்கு மேல் செலவிடாதீர்கள். அம்மாவிடம் ரவிக்கை தைக்கும் பத்துப் பேருக்கு இலவசமாகக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஜோடியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேளுங்கள். பாதிப் பேராவது பணத்தை எடுத்து நீட்டினால் மீதிப் பணத்தை இறக்கலாம். இல்லையென்றால் பட்டையின் வடிவத்தை மாற்றி, அதே பத்துப் பேரிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.