நடந்தால் முட்டி வலிக்கிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது!

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முட்டியைப் பற்றித்தான். அதனால் தோள்பட்டை, கழுத்து வலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை.

கேள்வி: எனக்கு 52 வயது. உயரம் 155 செ.மீ., எடை 84 கிலோ. வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். வலது முட்டியில் ஜவ்வு தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னார். எடையைக் குறைத்தால்தான் வலி குறையும், தினமும் நடங்கள் என்றார். வீட்டுக்காரர் பைக்கில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கொண்டுபோய் விடுவார், மணலில் முக்கால் மணி நேரம் நடப்பேன். பத்தாவது நாள் முட்டி வீங்கி, மெஷினை மிதிக்கவே முடியவில்லை. வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. ஆனால் பயத்தில் ஒரு மாதமாக எங்கும் நடக்கவில்லை, இன்னும் 2 கிலோ ஏறிவிட்டது. நான் என்னதான் செய்வது?
வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அக்கா, உங்கள் மேல் தப்பில்லை. நடங்கள் என்று சொன்னவர் எங்கே, எவ்வளவு நேரம், எதற்கு அப்புறம் என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முட்டி வலி என்று யார் வந்தாலும் ‘தினம் அரை மணி நடங்க’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியவன்தான். அதில் சிலர் முன்பைவிட அதிகமாக நொண்டிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

மணல் மெத்தென்று இருப்பதால் முட்டிக்கு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கால் புதைகிறது, குதிகால் ஒரு பக்கம் சாய்கிறது, அதைச் சமாளிக்க முட்டி திருகுகிறது. உலர்ந்த மணலில் நடக்க, தார் ரோட்டில் நடப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே நடக்கும். நல்ல முட்டிக்காரர்களுக்கு இது பிரமாதமான பயிற்சி, உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். சில்வர் பீச்சுக்குப் போங்கள், காற்று வாங்குங்கள், சுண்டல் சாப்பிடுங்கள், மணலில் மட்டும் இறங்காதீர்கள்.

முதலில் தொடை, அப்புறம்தான் நடை. முட்டியை இழுத்துப் பிடித்து நிறுத்துவதும், காலை ஊன்றும்போது வரும் அதிர்வை வாங்கிக்கொள்வதும் தொடையின் முன்பக்கத் தசை. வலி வந்ததும் அந்தக் காலைக் குறைவாக ஊன்றுவோம், தசை மெலியும், மெலிந்தால் பாரம் நேராக மூட்டில் இறங்கும், வலி இன்னும் கூடும். உங்களிடம் டேப்புக்கா பஞ்சம்? முட்டிச் சில்லிலிருந்து ஒரு சாண் மேலே, இரண்டு தொடையையும் ஒரே இடத்தில் அளந்து பாருங்கள். வலது தொடை அரை அங்குலம் இளைத்திருந்தால்கூட ஆச்சரியப்பட மாட்டேன். அளவை உங்கள் அளவு நோட்டிலேயே எழுதி வையுங்கள், இரண்டு மாதம் கழித்து வேண்டும்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். குளிக்கிற துண்டு ஒன்றைச் சுருட்டி வலது முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் அந்தத் துண்டைக் கீழே நசுக்குங்கள். தொடை கல் மாதிரி இறுகும். வாய்விட்டு ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். மனசுக்குள் எண்ணினால் மூச்சை அடக்கிவிடுவீர்கள், பிரஷர் இருக்கிறவர்களுக்கு அது நல்லதில்லை. இப்படிப் பத்து தடவை, இரண்டு காலுக்கும், காலையும் மாலையும். நாலைந்து நாளில் இது சுலபமாகிவிடும். அப்புறம் மல்லாந்து படுத்து, இடது காலை மடக்கிக்கொண்டு, வலது காலை முட்டி மடங்காமல் ஒரு அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போட்டால் பாதிப் பலன் போச்சு. காலை மாற்றியும் செய்யுங்கள்.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வழுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கெட்டியான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்காருங்கள். முதலில் ஐந்து தடவை, போகப் போகப் பத்து. வலிக்காமல் பத்து வந்ததும் தலையணையை எடுத்துவிடலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காஜா எடுப்பது, ஹெம்மிங் செய்வது இருந்தால், அந்த வேலையையும் நாற்காலிக்கு மாற்றுங்கள்.

இப்போது எடைக்கு வருவோம். இவ்வளவு நீளக் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை, எல்லோருமே அதை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறீர்கள்! உங்கள் எடைக்கு அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் சுமார் 120, 130 கலோரி செலவாகும். திரும்பி வரும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அதை நடந்தே கரைக்க வேண்டுமென்றால் இரண்டு மாதம் ஆகும், அதுவும் முட்டி ஒத்துழைத்தால். ஆகவே எடை தட்டில்தான் முதலில் குறையும். தைக்கும்போது பக்கத்தில் ஒரு டம்ளர் டீ இருந்துகொண்டே இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி, ஐந்து டீக்கு 200. அதை முதலில் நிறுத்துங்கள். மதியம் மீன் குழம்பை விட வேண்டாம், குழம்புக்காக இரண்டாம் முறை போட்டுக்கொள்கிற சோற்றை விடுங்கள். மீன், முட்டை, பயறு, கொண்டைக்கடலை இவையெல்லாம் குறையக் கூடாது, பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் நாம் வளர்க்கப் பார்க்கிற அந்தத் தொடைத் தசையும் சேர்ந்து கரையும்.

மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும், அவசரமே இல்லை. ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் இறங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நாலு கிலோ குறைத்தால் ஒரு அடிக்கு 16 கிலோ, ஏறக்குறைய ஒரு காலி காஸ் சிலிண்டர்.

நடையை மூன்றாவது வாரம் தொடங்குங்கள். உங்கள் தெருவிலேயே, சமமான தரையில், பின்பக்கம் வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டு, ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நடக்கும்போது லேசாக வலிப்பதற்குப் பயப்படாதீர்கள். மறுநாள் காலை எழுந்து கட்டிலிலிருந்து காலை ஊன்றும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முந்தின நாள் மாதிரியே இருந்தால் சரி, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டலாம். அதிகமாக வலித்தாலோ வீங்கினாலோ முந்தின நாள் செய்தது கூடிப்போய்விட்டது, பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.

முட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், மடக்கிய முட்டி பூட்டு போட்ட மாதிரி மாட்டிக்கொண்டால், அல்லது கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், பயிற்சியெல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 47, எடை 96. கணக்கெழுதும் வேலை. முட்டி வலிக்கு சைக்கிள் நல்லது என்று கேள்விப்பட்டு செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். பத்து நிமிடம் ஓட்டினாலே முட்டிச் சில்லுக்குக் கீழே குத்துகிறது. சைக்கிளை விற்றுவிடலாமா? வீடு இரண்டாவது மாடி, படியிலும் இதே கதைதான்.
வாசகர், புதுச்சேரி முத்தியால்பேட்டை

பதில்: விற்காதீர்கள் சார், சீட்டைத் தூக்குங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிறதா? அப்படியானால் சீட் தாழ்ந்திருக்கிறது. சின்னப் பையன் சைக்கிளைப் பெரியவர் ஓட்டுகிற மாதிரி முட்டி மடங்கி மடங்கி மிதிக்கிறீர்கள், பாரம் முழுக்கச் சில்லு மேல் அழுந்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் அப்போது நேராக நீண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் இல்லையா, அப்போது முட்டியில் லேசான மடிப்பு இருக்கும், அதுதான் சரியான உயரம். இறங்கும்போது நுனிக்கால்தான் தரையில் எட்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் சீட் கம்பியில் போட்டிருக்கிற கடைசிக் கோட்டைத் தாண்டித் தூக்காதீர்கள்.

புதுச்சேரி மாதிரி மேடு பள்ளமில்லாத ஊர் சைக்கிள்காரர்களுக்கு வரம். நேரு வீதிகூட அதிகாலையில் காலியாகத்தான் கிடக்கும். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள், கெட்டியான கியரில் அழுத்தாதீர்கள். நடக்க ஆசை வந்தால் பீச் ரோடு இருக்கிறது, மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை, காந்தி சிலையிலிருந்து காற்றுக்கு ஜாலியாகப் போய்விடுவோம், அவ்வளவு தூரமும் திரும்பி வரணும் என்பது அந்தப் பக்கம் போன பிறகுதான் ஞாபகம் வரும்.

மாடிப்படிக்கு ஒரு சின்ன விதி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடியை வெட்கப்படாமல் பிடியுங்கள்.

கேள்வி: தண்ணீரில் நடந்தால் முட்டியில் பாரமே இருக்காதாமே, கடலில் இடுப்பளவு நின்று நடக்கலாமா?
வாசகர், அரியாங்குப்பம்

பதில்: யோசனை சரி, இடம் தப்பு. இடுப்பளவு தண்ணீர் உடம்பு எடையில் ஏறக்குறைய பாதியைத் தாங்கிக்கொள்ளும், நெஞ்சளவு என்றால் இன்னும் அதிகம். ஆனால் நம் பக்கத்துக் கடல் அமைதியான கடல் இல்லை, அலை காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போகும், நல்ல முட்டிக்காரனையே உருட்டிவிடும். நீச்சல் குளம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் போங்கள். நீச்சல் தெரியவேண்டியதில்லை, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாலே போதும்.

கேள்வி: 29 வயது. போனில் வீடியோ பார்த்து ஸ்குவாட், ஜம்பிங் எல்லாம் செய்கிறேன். முட்டி கடக் கடக் என்கிறது. வலிநிவாரணி போட்டுக்கொண்டு செய்தால் தெரிவதில்லை. தொடரலாமா?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சத்தம் மட்டும் என்றால் கவலை வேண்டாம், வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தால் முட்டி தேய்ந்துவிடாது. ஆனால் மாத்திரை போட்டால்தான் செய்ய முடிகிறது என்றால் அங்கே வலி இருக்கிறது என்றுதானே அர்த்தம், தங்கச்சி? தெரியாமல் செய்வதுதான் ஆபத்து. அந்த மாத்திரைகளைப் பழக்கமாகப் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். குதிப்பதை இப்போதைக்கு விடுங்கள், ஸ்குவாட்டை முதல் பதிலில் சொன்ன நாற்காலிப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 68 வயது, இடது முட்டி வலி. கைத்தடி வாங்கினோம். வலிக்கிற பக்கம்தானே பிடிக்க வேண்டும்?
வாசகி, கடலூர் மஞ்சக்குப்பம்

பதில்: இல்லை, வலது கையில். இடது காலை எடுத்து வைக்கும்போது தடியும் கூடவே முன்னால் போக வேண்டும், அப்போதுதான் பாரம் பிரியும். உயரம் எவ்வளவு என்றால், அவர் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும், அதைவிட நீளமாக இருந்தால் அறுத்துவிடுங்கள். அடியில் இருக்கிற ரப்பர் வழவழவென்று தேய்ந்துபோனால் உடனே மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் கூடத்திலேயே நடந்து பழகட்டும், அப்புறம் வாசலுக்கு வரட்டும். கீழே உட்கார்ந்து கோலம் போடுவேன் என்று அடம்பிடித்தால் ஒரு முக்காலியைக் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் கோலமாவு டப்பாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.